முதல் மின்நூல் கருவி: அப்பாவுக்கும் எனக்கும் சேர்த்து எது வாங்கலாம்?

பனங்காடு (கொழிஞ்சாம்பாறை)

எல்லோருக்கும் வணக்கம். ரொம்ப நாளாக இங்கே வாசிக்கிறேன், எழுதுவது முதல் தடவை.

எங்கள் ஊர் பாலக்காடு மாவட்டம். ஆனால் வீட்டுப் பேச்சும் படிப்பும் தமிழ்தான். அப்பா தமிழ் மீடியத்தில் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். போன வருடம் இரண்டு கண்ணிலும் புரை ஆபரேஷன் ஆனது. பார்வை நன்றாகத்தான் இருக்கிறது, பழைய புத்தகங்களின் பொடி எழுத்தைத்தான் பத்து நிமிடத்துக்கு மேல் படிக்க முடியவில்லை என்கிறார். நான் தினமும் பாலக்காட்டுக்கு வேலைக்குப் போகிறேன். போக வர ஒன்றரை மணி நேரம் பஸ்ஸில் கழிகிறது. தமிழ்ப் புத்தகம் வேண்டுமென்றால் பொள்ளாச்சிக்கோ கோயம்புத்தூருக்கோ போகிறவர்களிடம் சொல்லிவிட வேண்டும்.

அதனால் மின்நூல் படிக்கும் கருவி ஒன்று வாங்கலாம் என்று யோசனை. பத்து, பன்னிரண்டாயிரத்துக்கு மேல் முடியாது. கிண்டில், கோபோ, பூக்ஸ் என்று தேடிப் பார்த்ததில் தலைதான் சுற்றுகிறது. எத்தனை ஜிபி வேண்டும்? கலர் திரை அவசியமா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

தோப்புக்காரன் (மீனாட்சிபுரம்)

அம்மிணி, ஜிபியை விடுங்கள். எழுத்து மட்டும் உள்ள ஒரு நாவல் ஒரு எம்பி, இரண்டு எம்பிதான் வரும். 8 ஜிபி கருவியே ஆயுசுக்கும் போதும். கலரும் இப்போதைக்கு வேண்டாம். கலர் மின்மைத் (இ-இங்க்) திரையில் கறுப்பு எழுத்து அங்குலத்துக்கு 300 புள்ளி என்றால் வண்ணம் 150 புள்ளிதான். மேலே வண்ண வடிகட்டி ஒன்று உட்கார்ந்திருப்பதால் திரையும் கொஞ்சம் மங்கல். படக்கதை படிக்கிறவர்களுக்குச் சரி.

நீங்கள் முதலில் முடிவு செய்ய வேண்டியது வேறு. புத்தகம் எங்கிருந்து வரப்போகிறது? காசு கொடுத்து வாங்கும் புதுப் புத்தகங்களா, இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் மின்நூல்களா, இல்லை, பழைய புத்தகங்களை ஸ்கேன் செய்த பிடிஎஃப்களா? இந்த மூன்றுக்கும் ஒரே கருவி பொருந்தாது. கடைக்குப் போய்த் தோட்டத்துக்குப் பம்பு வேண்டும் என்று கேட்டால், கிணறா போரா, எத்தனை அடி என்றுதானே முதலில் கேட்பான்?

சந்தேகப்பிராணி

கையில்தான் போன் இருக்கிறதே, அதிலேயே படித்தால் ஆகாதா? எதற்கு இன்னொரு சார்ஜர், இன்னொரு சாமான்?

ஏலத்தோட்டம் (வண்டன்மேடு)

சந்தேகம் அண்ணே, நானும் அப்படித்தான் இருந்தேன். போனில் நாலு பக்கம் படிப்பதற்குள் ஏலக்காய் ஏல விலை வந்து விழும், குடும்ப குரூப்பில் குட்மார்னிங் வந்து விழும். அஞ்சாவது பக்கத்துக்குப் போனதே கிடையாது.

இன்னொன்று, திரையே வேறு ஜாதி. போன் திரை உள்ளிருந்து ஒளியைக் கண்ணில் அடிக்கிறது. மின்மைத் திரைக்குள் தலைமுடி அகலத்துக்குப் பொடிப்பொடிக் குமிழ்கள் உண்டு. அதில் வெள்ளைத் துகளும் கறுப்புத் துகளும் மிதக்கும். மின்சாரம் காட்டினால் ஒன்று மேலே வரும், மற்றது கீழே போகும். அவ்வளவுதான். அப்புறம் மின்சாரமே வேண்டாம், துகள் அப்படியே நிற்கும். பக்கம் திருப்பும்போதும் விளக்குக்கும் வைஃபைக்கும்தான் பேட்டரி செலவு. மழைக்காலத்தில் எங்கள் பக்கம் இரண்டு நாள் கரண்ட் இல்லாமல் போகும்போது வீட்டில் உயிரோடு இருக்கிற ஒரே சாமான் இதுதான். வெயிலில் வைத்துப் படித்தால் அச்சுப் புத்தகம் மாதிரி இன்னும் தெளிவாகத் தெரியும்.

ஒரு எச்சரிக்கையும் சொல்லிவிடுகிறேன் தங்கச்சி. அந்தத் திரைக்கு அடியில் மெல்லிய கண்ணாடி. என்னுடைய முதல் கருவியை உறை போடாமல் பைக்குள் தூக்குச்சட்டியோடு சேர்த்து வைத்து, அந்தப் பை மேலேயே ஜீப்பில் சாய்ந்து உட்கார்ந்து வந்தேன். வீட்டில் எடுத்துப் பார்த்தால் கீழ்ப்பாதியில் பக்கம் மாறுகிறது, மேல்பாதியில் காலையில் படித்த எட்டு வரி அப்படியே நிற்கிறது. துகள்தான் நகரவில்லையே! இன்றைக்கும் பரணில் அந்த எட்டு வரியோடு கிடக்கிறது. பழுது பார்க்கக் கேட்ட காசுக்குப் புதுசே வாங்கலாம். உறைக்கு முந்நூறு ரூபாய் யோசிக்காதீர்கள்.

பனங்காடு

தோப்புக்கார அண்ணா கேட்ட கேள்விக்குப் பதில்: எனக்குப் புது நாவல்கள். அப்பாவுக்குப் பழைய இலக்கியம், உரைநூல்கள், அவர் காலத்துக் கட்டுரைத் தொகுப்புகள். பென் டிரைவில் யாரோ கொடுத்த பிடிஎஃப் நூற்றுக்கு மேல் வைத்திருக்கிறார். அதைத்தான் முதலில் பார்க்க வேண்டுமாம்.

தோப்புக்காரன் (மீனாட்சிபுரம்)

அங்கேதான் சிக்கல் அம்மிணி. ஆறு அங்குலத் திரையின் அகலம் ஒன்பது சென்டிமீட்டர். ஏ4 தாள் 21 சென்டிமீட்டர். தாளைத் திரைக்குள் அடக்கினால் 12 பாயிண்ட் எழுத்து 5 பாயிண்ட் ஆகிவிடும். மருந்து டப்பாவில் அச்சடித்திருப்பார்களே, அந்த அளவு. ‘ன’வா ‘ண’வா என்று நல்ல கண்ணுக்கே தெரியாது, அப்பாவை விடுங்கள். கருவியைப் படுக்கவைத்து அரைப்பக்கம் அரைப்பக்கமாகப் பார்க்கலாம், நாலு நாளில் சலித்துவிடும். ஸ்கேன் பிடிஎஃப்தான் முக்கியம் என்றால் பத்து அங்குலத்துக்குப் போக வேண்டும், அது உங்கள் பட்ஜெட்டைத் தாண்டும். அதற்கு வீட்டில் பழைய டேப்லெட் இருந்தால் அதையே வைத்துக்கொள்ளுங்கள்.

புது நாவலுக்குக் கிண்டில்தான் சுலபம். 2016 டிசம்பரில் அமேசான்காரர்கள் அதில் தமிழ், மலையாளம், இந்தி, மராத்தி, குஜராத்தி என ஐந்து மொழிப் புத்தகங்களைத் தொடங்கினார்கள். அதிலிருந்து தமிழ்ப் பதிப்பகங்கள் நிறைய அங்கே வந்துவிட்டன.

மேல்பாலம் (களியக்காவிளை)

நான் கோபோ கட்சி. மாமா மகன் துபாயிலிருந்து வரும்போது வாங்கி வந்தான். கேபிளில் மாட்டி ஈபப் என்கிற மின்நூல் கோப்பை அப்படியே போட்டால் படிக்கும். கணக்கு, மின்னஞ்சல் என்று யாரிடமும் கைகட்டி நிற்க வேண்டாம். நான் தமிழும் மலையாளமும் சேர்த்துப் படிப்பவன், எழுத்துரு என் விருப்பம். ஆனால் உண்மையைச் சொல்கிறேன் மக்கா, முதல் நாள் கொஞ்சம் மெனக்கெட வேண்டும். தமிழ்க் கடைப் புத்தகம் வேண்டுமென்றால் கிண்டில் பக்கம் போவதே நல்லது.

எழுத்துப்புழு (செங்கோட்டை)

பிடிஎஃப் என்றால் எல்லாம் ஒன்றில்லை, பனங்காடு அக்கா. அப்பாவின் பென் டிரைவைக் கணினியில் போட்டு ஒரு சோதனை செய்யுங்கள். ஒரு வரியை மவுசால் இழுத்து நகலெடுத்து வேறொரு இடத்தில் ஒட்டுங்கள்.

ஒன்றுமே ஒட்டவில்லையா, அது வெறும் புகைப்படம். ஸ்கேன். தமிழாகவே ஒட்டியதா, ஒருங்குறி (யூனிகோட்). பிழைத்தீர்கள், காலிபர் என்ற இலவச மென்பொருளில் போட்டு ஓரளவு மாற்றிவிடலாம். ஆங்கில எழுத்தும் நடுநடுவே அரைப்புள்ளியும் கன்னாபின்னாவென்று ஒட்டியதா? அது பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்தது. உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துதான், மேலே தமிழ் வேஷம். வேஷத்தைக் கலைத்தால் அரைப்புள்ளி இருக்கிற இடத்தில் எல்லாம் மெய்யெழுத்தின் புள்ளி இருந்தது என்று தெரியும். அதற்கென்றே இருக்கிற எழுத்துரு மாற்றியில் போட்டு ஒருங்குறியாக்கிய பிறகுதான் எதுவும் செய்ய முடியும்.

இன்னொரு யோசனை. அப்பா வைத்திருக்கும் நூறில் பழைய இலக்கியம் பாதியாவது இருக்கும். அதை எல்லாம் மாற்றிக்கொண்டு உட்காராதீர்கள். மதுரைத் திட்டம் 1998 பொங்கலன்று தொடங்கியது. தன்னார்வலர்கள் தட்டச்சு செய்த சங்க நூல்கள், பக்தி நூல்கள், சிற்றிலக்கியங்கள் அங்கே ஒருங்குறியிலேயே கிடைக்கின்றன. ஃப்ரீதமிழ்ஈபுக்ஸ் தளத்தில் ஒரே நூலை ஈபப், மோபி, ஏ4 பிடிஎஃப், ஆறு அங்குல பிடிஎஃப் என்று தனித்தனியாகப் போட்டிருப்பார்கள். ஆறு அங்குலம் என்பது உங்கள் கருவியின் அளவுக்கே பக்கம் அமைத்தது. நாட்டுடைமையான நூல்கள் பலவும் இந்த மாதிரி இடங்களில் கிடைக்கும். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம் பெரிய புதையல், ஆனால் பெரும்பாலும் ஸ்கேன். அதை டேபில் பார்க்கட்டும்.

எந்தக் கருவி வாங்கினாலும் முதல் நாள் ‘கொக்கு’ என்ற சொல் இருக்கும் ஒரு பக்கத்தைத் திறந்து பாருங்கள். என்னுடைய ஒரே பரீட்சை அதுதான். கொக்கு தேறினால் எல்லாம் தேறும்.

பனங்காடு

எழுத்துப்புழு தம்பி, சோதனை செய்து பார்த்துவிட்டேன். நூற்றுப் பன்னிரண்டு கோப்பில் எழுபதுக்கு மேல் வெறும் படம். இருபத்தைந்து அரைப்புள்ளி ரகம். மிச்சம்தான் தமிழ். அப்பாவிடம் சொன்னேன். ‘எத்தனையோ வருடமாகச் சேர்த்தது’ என்றார், அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை.

கருவி ஏற்பாடாகிவிட்டது. ஆபீசில் ஒரு சேச்சி தன்னுடைய 2018 கிண்டில் பேப்பர்வைட்டைக் கொடுத்துவிட்டுப் புதிது வாங்கப் போகிறாராம். ஐயாயிரம் கேட்கிறார். ஆறு அங்குலம், 300 புள்ளி. வாங்கலாமா?

தோப்புக்காரன் (மீனாட்சிபுரம்)

தாராளமாக வாங்கலாம். காசு கொடுக்கும் முன்னால் சேச்சி கையாலேயே அவர் அமேசான் கணக்கிலிருந்து கருவியை விடுவித்து, எல்லாவற்றையும் அழித்துப் புதிதாக்கிக் கொடுக்கச் சொல்லுங்கள். அப்புறம் உங்கள் கணக்கில் பதிந்து பாருங்கள். பதிந்தால்தான் காசு. தெரியாத ஆளிடம் வாங்குகிறவர்கள் இதை விட்டால் அழகான பலகை ஒன்றுதான் மிஞ்சும்.

அது தண்ணீர் தாங்கும். நல்ல தண்ணீரில் இரண்டு மீட்டர் ஆழம், ஒரு மணி நேரம் என்று கணக்கு. இடவப்பாதி (தென்மேற்குப் பருவ) மழைக்கு பஸ் ஜன்னல் ஓரம் பயமில்லை. ஆனால் திரையில் துளி விழுந்தால் விரல் என்று நினைத்துக்கொண்டு தானாகப் பக்கம் திருப்பும். சார்ஜ் போடப் பழைய மைக்ரோ கேபிள் வேண்டும், இப்போதைய போன் கேபிள் சேராது. மஞ்சள் ஒளியும் அதில் கிடையாது, வெள்ளைதான். இரவில் ஒளியை நாலு, ஐந்தில் வைத்துக்கொண்டால் கூசாது.

பனங்காடு

வாங்கிவிட்டேன்! சேச்சி உறையையும் சும்மா கொடுத்தார்.

ஆனால் நேற்று இரவு முழுக்கப் போராட்டம். என் போன் ஹாட்ஸ்பாட்டைக் கருவி கண்டுபிடிக்கவே மாட்டேன் என்கிறது. பக்கத்து வீட்டு வைஃபை பெயர் தெரிகிறது, கையில் இருக்கிற என் போன் தெரியவில்லை.

ஏலத்தோட்டம் (வண்டன்மேடு)

ஆகா, எனக்கும் நடந்தது. அந்த மாடலுக்கு 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும்தான் தெரியும். போன் ஹாட்ஸ்பாட் 5-இல் இருந்தால் அதன் கண்ணுக்குப் படாது. ஹாட்ஸ்பாட் அமைப்புக்குள் போய் அலைவரிசையை 2.4 என்று மாற்றுங்கள். ஒரு நிமிட வேலை. எனக்கு இது தெரிய மூன்று நாள் ஆனது, நெட்வொர்க் கிடைக்கும் என்று மேட்டுக்கு மேடு கருவியைத் தூக்கிக்கொண்டு அலைந்தேன்.

பனங்காடு

கிடைத்துவிட்டது, ரொம்ப நன்றி அண்ணா.

அடுத்த சந்தேகம். கேபிளில் மாட்டி டாக்குமெண்ட்ஸ் கோப்புறைக்குள் இருபது ஈபப் போட்டேன். கணினியில் பார்த்தால் இருக்கிறது, கருவியில் ஒன்றும் காணோம்.

எழுத்துப்புழு (செங்கோட்டை)

கிண்டிலுக்கு ஈபப்பைக் கேபிளில் கொடுத்தால் கண்டுகொள்ளாது. இரண்டு வழி. காலிபரில் ஏஇசட்டபிள்யூ3 வடிவத்துக்கு மாற்றிக் கேபிளில் போடலாம். அல்லது கிண்டிலுக்கு அனுப்பும் வசதி வழியாக ஈபப்பையே அனுப்பலாம், அவர்கள் பக்கத்தில் மாற்றிக் கொடுத்துவிடுவார்கள். உங்கள் கருவிக்கென்று ஒரு மின்னஞ்சல் முகவரி அமைப்புக்குள் இருக்கும். முதலில் கணக்குப் பக்கத்தில் தனிப்பட்ட ஆவணங்கள் என்ற இடத்துக்குப் போய், நீங்கள் அனுப்பப்போகும் முகவரியை அனுமதிப் பட்டியலில் சேர்க்க வேண்டும். இதைச் செய்யாமல் அனுப்பிவிட்டு ‘வரவில்லை, வரவில்லை’ என்று காத்திருந்தவர்கள் நிறையப் பேர். நான் உட்பட.

இரண்டாவது வழிதான் உங்களுக்கு நல்லது. அப்படி அனுப்பியது உங்கள் கணக்கில் தங்கும், போனில் இருக்கும் கிண்டில் செயலியிலும் அதே நூல் வரும். அனுப்பும் முன் காலிபரில் நூலின் மொழி ‘தமிழ்’ என்று இருக்கிறதா பார்த்துவிடுங்கள். பல கோப்பில் ஆங்கிலம் என்றே விட்டிருப்பார்கள். ஒரே நாளில் இருநூறு நூல் ஏற்றாதீர்கள். ஒவ்வொன்றையும் உள்ளே பட்டியல் போட்டுக்கொண்டே இருக்கும், பேட்டரி ஒரு ராத்திரியில் காலியாகும். கருவி கெட்டுவிட்டது என்று பயந்துவிடுவீர்கள்.

கொக்கு என்ன ஆனது?

பனங்காடு

சிரிக்காதீர்கள். கடையில் வாங்கிய நாவலில் கொக்கு நன்றாகவே இருக்கிறது. அப்பா வைத்திருந்த பிடிஎஃப் ஒன்றை மாற்றிப் போட்டதில்தான் கொக்கு உடைந்துவிட்டது. ‘க’ தனியாக, கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம், நடுவில் புள்ளி புள்ளியாக ஒரு வட்டம். அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

எழுத்துப்புழு (செங்கோட்டை)

அந்த வட்டம்தான் அடையாளம். துணைக்குறிக்குப் பிடித்து நிற்க உயிர்மெய் கிடைக்கவில்லை என்று அர்த்தம். ஒருங்குறியில் ‘கொ’ என்பது ககரமும் அதன் பின்னால் ஒகரக் குறியும். கொம்பை முன்னாலும் காலைப் பின்னாலும் கொண்டுபோய் வைப்பது காட்டுகிற மென்பொருளின் வேலை. பிடிஎஃப்பிலோ கண்ணுக்குத் தெரிகிற வரிசையில் கொம்பை முதலில் வைத்துவிட்டு அப்புறம் ககரத்தை வைத்திருப்பார்கள். எழுத்தாக மாற்றும்போது அந்தத் தப்பு வரிசையே வந்துவிடுகிறது. கருவிமேல் குற்றமில்லை அக்கா. அந்த நூல் வேறெங்காவது ஈபப்பாகக் கிடைக்கிறதா என்று தேடுங்கள், இதைத் திருத்திக்கொண்டிருந்தால் விடிந்துவிடும்.

மேல்பாலம் (களியக்காவிளை)

இதற்குத்தான் முதல் நாள் மெனக்கெட வேண்டும் என்றேன். ஈபப் காட்டும் மென்பொருள் எல்லாவற்றுக்கும் நம் எழுத்தைக் கோக்கத் தெரியாது. நான் கோபோவில் கோரீடர் என்ற கட்டற்ற மென்பொருளைப் போட்டுக்கொண்டேன். அதற்குள் ஹார்ஃப்பஸ் என்று எழுத்துக் கோக்கவே ஒரு பகுதி இருக்கிறது, தமிழ் மலையாளம் இரண்டும் பிசகாமல் வரும். எழுத்துரு மீரா இனிமை. ஸ்வதந்த்ர மலையாளம் கம்ப்யூட்டிங் என்ற மலையாளக் கூட்டம் தமிழுக்குச் செய்து கொடுத்தது. செக்போஸ்ட்டில் காய்கறி லாரியை நிறுத்துகிறவர்கள் எழுத்துருவை நிறுத்தவில்லை பாருங்கள்.

சந்தேகப்பிராணி

இத்தனை பாடு பட்டதற்கு ஒரு சீட்டு எடுத்து நூலகத்தில் புத்தகம் எடுத்திருக்கலாம்.

ஏலத்தோட்டம் (வண்டன்மேடு)

எங்கள் ஊரில் இருந்து பக்கத்துத் தமிழ் நூலகம் மலை இறங்கிக் கம்பம் போக வேண்டும் அண்ணே. நீங்கள் பஸ் சார்ஜ் கொடுத்தால் சரி.

பனங்காடு

இரண்டு வாரம் கழித்து எழுதுகிறேன், தாமதத்துக்கு மன்னிக்கவும்.

எழுத்தைப் பெரிதாக்கினேன். பெரிதாக்கியதும் புதுப் பிரச்சினை. வரியின் இரு ஓரமும் நேராக நிற்க வேண்டும் என்று வார்த்தைகளுக்கு நடுவே ஓட்டை ஓட்டையாக இடம் விட்டது. ‘கேட்டுக்கொண்டிருந்தவர்களுக்கு’ என்று ஒரு வார்த்தை வந்தால் அந்த வரியில் வேறொன்றும் சேராது. ஒழுங்கமைவை இடப்பக்கம் மட்டும் என்று மாற்றியதும் சரியானது. இதை யாரும் இங்கே சொல்லவில்லை, அதனால் நான் சொல்லி வைக்கிறேன்.

அப்பா முதல் மூன்று நாள் ஒவ்வொரு பக்கத்துக்கும் விரலை நாக்கில் தொட்டுத்தான் திருப்பினார். இப்போது நின்றிருக்கிறது. கருவியைப் பிடிக்கும்போது கட்டைவிரல் பட்டுப் பக்கம் தாவிவிடுகிறது என்பது ஒன்றுதான் குறை. உறையை மடித்து அதைப் பிடித்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன். நான் பஸ்ஸில் படிக்கலாம் என்று நினைத்தது நடக்கவில்லை. கருவி அவர் கட்டிலை விட்டு எழுந்திருப்பதே இல்லை, நான் போன் செயலியில்தான் படிக்கிறேன்.

ஒரே ஒரு கேள்வி. இருவரும் இப்போது ஒரே நாவலைப் படிக்கிறோம். நேற்று இரவு நான் விட்டது இருபது சதவீதத்தில். காலையில் பஸ்ஸில் ஏறிப் போனைத் திறந்தால், ‘கடைசியாகப் படித்த இடம் 61 சதவீதம், போகலாமா’ என்று கேட்கிறது. ஏன்?

தோப்புக்காரன் (மீனாட்சிபுரம்)

ஒரே கணக்கு என்பதால் இரண்டு கருவியையும் ஒரே ஆள் என்று நினைத்துக்கொள்கிறது அம்மிணி. அமைப்பில் விஸ்பர்சிங்க் என்று இருக்கும், அதை அணைத்துவிட்டால் அவரவர் பக்கம் அவரவருக்கு. அதற்காகக் கருவியை விமானப் பயன்முறையில் போட வேண்டியதில்லை.

ஆனால் இருபதிலிருந்து அறுபத்தொன்றா? ஒரே ராத்திரியிலா?

பனங்காடு

அதைத்தான் அண்ணா நானும் கேட்டேன். ‘பத்து மணிக்கே படுத்துவிட்டேன்’ என்கிறார். விஸ்பர்சிங்கை இப்போதைக்கு அணைக்கவில்லை.